மீதி நாலு வரி

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. நாட்டு விடுதலை பற்றிய பேச்சு அது. மேடையேறியதும் வலக்கையை உயர்த்தி, "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம் நடலை இல்லோம், ஏமாப்போம் பிணியறியோம் பணிவோம் அல்லோம், இன்பமே எந்நாளும் துன்பம் இல்லை" என்று முழங்கினேன். கூடம் முழுவதும் கைதட்டியது. அதற்குப் பிறகு நான் பேசியது ஒன்றும் இப்போது நினைவில் இல்லை. பரிசு அந்த நாலு வரிக்குக் கிடைத்ததுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு, அதே மிடுக்கோடு மறுபடியும் சொல்லிக் காட்டினேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து, மறுநாள் காலைக்காக எங்கள் தெருக்கோடிச் சிவன் கோயிலுக்கு நந்தியாவட்டை மாலை கட்டிக்கொண்டிருந்தார். நார் முடிச்சிடும் விரல்கள் நிற்கவே இல்லை. "நல்லா சொன்னடா. மீதி நாலு வரி எங்க?" என்று மட்டும் கேட்டார். மீதி இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டது அவ்வளவுதான்.

அந்த மீதியைப் படிக்க எனக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. அது இல்லாமல் முதல் நாலு வரி நிற்காது என்று உணர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த உணர்வைத்தான் இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

திருநாவுக்கரசர் பாடிய அந்தப் பதிகம் ஆறாம் திருமுறையில் 98ஆவது பதிகமாக இருக்கிறது. மறுமாற்றத் திருத்தாண்டகம் என்று அதற்குப் பெயர். மறுமாற்றம் என்றால் மறுமொழி. யாருக்குச் சொன்ன மறுமொழி என்பதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொல்கிறார். சூலை நோயால் துடித்து, தமக்கை திலகவதியாரிடம் வந்து, திருவதிகை வீரட்டானத்து இறைவனைப் பாடி நோய் நீங்கிச் சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய நாவுக்கரசரைப் பிடித்து வருமாறு பல்லவ மன்னன் அமைச்சர்களைப் படையோடு அனுப்புகிறான். முதலாம் மகேந்திரவர்மனே அந்த மன்னன் என்பது வழக்கு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு பேரரசின் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்பவர்களிடம், உடம்பில் திருநீறும் கையில் புல் செதுக்கும் உழவாரமும் தவிர வேறொன்றும் இல்லாத ஒருவர் சொன்ன பதில் இது. அந்தக் காலத்துச் சமயப் பூசல்களை எடைபோட இங்கே நான் முயலவில்லை. எனக்கு அந்தப் பாட்டு போதும்.

முதல் நாலு வரியில் இல்லை, அல்லோம், அஞ்சோம், அறியோம் என்று மறுப்புகளே அடுக்கி வருகின்றன. நாங்கள் எவருக்கும் குடி இல்லை, எமனுக்கு அஞ்சமாட்டோம், நரகத்தில் துன்புறமாட்டோம், எங்களிடம் பொய் வாழ்வு இல்லை, நோய் அறியோம், எவரையும் பணியமாட்டோம். இடையே ஏமாப்போம் என்ற சொல் வருகிறது. இன்றைய காதுக்கு அது ஏமாறுவதைப் போல ஒலித்தாலும், ஏமம் என்றால் காவல். காவல் பெற்றவர் அடையும் களிப்பே ஏமாப்பு. இவ்வளவு பெரிய துணிச்சலுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், மீதி நாலு வரி இப்படிப் பதில் சொல்கிறது:

தாமார்க்கும் குடியல்லாத் தன்மை யான
சங்கரன்நற் சங்கவெண் குழையோர் காதிற்
கோமாற்கே நாமென்றும் மீளா ஆளாய்க்
கொய்ம்மலர்ச்சே வடியிணையே குறுகி னோமே.

யாருக்கும் குடியல்லோம் என்று தொடங்கியவர், என்றும் மீளாத ஆள் ஆகிவிட்டோம் என்று முடிக்கிறார். முதல் அடியும் ஏழாம் அடியும் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும். பள்ளி மேடைகளும் அரசியல் மேடைகளும் முதல் நாலு வரியோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அடிமை என்ற சொல் வந்துவிட்டால் விடுதலைப் பேச்சு சங்கடப்படும்.

ஆனால் சொற்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆள் என்பது வெறும் மனிதன் என்ற பொருளில் இங்கே வரவில்லை. சுந்தரரின் திருமண நாளில் முதியவராக வந்த இறைவன், இவன் எனக்கு ஆள் என்று வழக்காடி நீட்டியது ஆளோலை, அதாவது அடிமைச் சீட்டு. அந்த ஆள்தான் இந்த ஆள். மீளா என்ற சொல் இன்னும் அழுத்தமானது. மீட்பது என்றால் என்ன என்று நகையை அடகு வைத்த குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வட்டி கட்டிக் கட்டி, ஒரு நாள் அசலையும் கட்டி, சீட்டைக் கொடுத்துவிட்டு நகையைக் கையில் வாங்கும்போது, மீட்டுவிட்டோம் என்று ஒரு பெருமூச்சு விடுகிறோமே, அந்தச் சொல். நாவுக்கரசர் தம்மை வைத்த இடத்தில் மீட்கும் எண்ணமே இல்லாமல் வைத்துவிட்டார். பகுதி கொடுத்துப் பகுதியைக் கையில் வைத்துக்கொள்வதும், காரியம் ஆனதும் திரும்ப வாங்கிக்கொள்வதும் அங்கே கிடையாது. என்னைப் போன்றவர்களின் வழிபாடு பெரும்பாலும் தவணை முறையில்தான் நடக்கிறது. பரீட்சை வந்தால் ஒப்படைத்து, முடிவு வந்ததும் மீட்டுக்கொள்கிறோம்.

இந்தப் பாட்டின் அச்சாணி ஐந்தாம் அடியில் இருக்கிறது. "தாமார்க்கும் குடியல்லாத் தன்மையான சங்கரன்." தானும் எவருக்கும் குடியாக இல்லாத ஒருவன். இந்த அடைமொழியை நெடுங்காலம் இறைவனுக்குச் சொல்லும் ஒரு புகழுரையாக மட்டுமே படித்துக் கடந்துபோனேன். அது புகழுரை மட்டுமாக இருந்தால் பாட்டின் காரண காரியம் அறுந்துபோகும். நாம் எவருக்கெல்லாம் கட்டுப்படுகிறோமோ அவர்கள் அத்தனை பேரும் வேறொருவருக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களுக்கு நம்மிடமிருந்து ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. அவர்களுடைய அச்சம் படிப்படியாக இறங்கி நம் தலையில் வந்து விழுகிறது. நம்மிடம் பெற வேண்டியது ஒன்றும் இல்லாதவன், தனக்கு மேல் அஞ்சுவதற்கு எவரும் இல்லாதவன் ஆண்டால் அந்த ஆட்சியில் அச்சம் இறங்கி வருவதற்கு வழியே இல்லை. ஆகவே அவனுக்கு ஆளானவர் வேறு எவருக்கும் குடியாக வேண்டியதில்லை.

திருவள்ளுவர் துறவைப் பேசும்போது இதே வழியில்தான் நடக்கிறார். "பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு." பற்றை விடுவதற்குப் பற்றிக்கொள்ளச் சொல்வது முதலில் விந்தையாக இருக்கும். பற்றிக்கொள்ளப்படுபவன் பற்றற்றவன் என்பதால்தான் அது பொருந்துகிறது. சைவ சித்தாந்தம் இதை உயிரின் இயல்பிலிருந்தே விளக்குகிறது. உயிர் சார்ந்ததன் வண்ணம் ஆவது. பளிங்கைச் செம்பருத்தியின் அருகே வைத்தால் சிவப்பாகத் தெரிவதைப் போல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் நிறத்தை வாங்கிக்கொள்ளும். எதையும் சாராமல் தனியே நிற்க அதனால் இயலாது. இதை ஏற்றுக்கொண்டால், நான் எவரையும் சாராமல் சுதந்திரமாக இருப்பேன் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது. பணத்தையோ பதவியையோ ஊர் சொல்லும் பேச்சையோ நம் சொந்தக் கோபத்தையோ சார்ந்தபடிதான் இருக்கிறோம். சார்ந்திருக்கிறோம் என்பது தெரியாததால் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். எதைச் சார்வது என்று தேர்ந்துகொள்வது ஒன்றே நம் கையில் இருக்கிறது.

இவையெல்லாம் எனக்குப் புத்தகமாகத் தெரிந்திருந்தன. உடம்புக்குத் தெரிய வந்தது ஒரு மார்ச் மாதத்தில். நான் அப்போது ஒரு தனியார் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆண்டு முடிவுக் கணக்கில் சரக்கு இருப்பு குறைந்தது. வராத சரக்கு வந்ததாக முன்தேதியிட்டு ஒரு வரவுச் சீட்டில் கையெழுத்திடுமாறு மேலாளர் ஒரு சனிக்கிழமை மாலை என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை காலை வேண்டும் என்றார். நான் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வீட்டுக் கடன், மகளின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் மருந்து ஆகிய மூன்றும் வரிசையாகக் கண்ணுக்குள் வந்து நின்றன. அன்று இரவு தூங்கவில்லை. பள்ளியில் கையை உயர்த்தி நமனை அஞ்சோம் என்றவன், ஒரு தாளுக்கு அஞ்சிப் படுத்துக் கிடந்தேன்.

மறுநாள் ஞாயிறு. மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்கள் குழு உழவாரப் பணிக்குப் போவது வழக்கம். அன்று போன கோயில் கவனிப்பார் இல்லாத ஒரு பழைய சிவாலயம். திருச்சுற்றில் இடுப்பளவு புல். விளக்கு மாடங்களில் பல ஆண்டு எண்ணெய்க் கரி. என்னை விமானத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள். அங்கே இரண்டு கற்களுக்கு நடுவே ஓர் அரசங்கன்று முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. நான் அதைப் பிடித்து இழுக்கப் போனபோது, குழுவில் இருந்த முதிய கொத்தனார் ஐயா தடுத்தார். "இழுக்காதீங்க தம்பி. மேல அறுந்துக்கும், வேரு உள்ளயே நிக்கும். அடுத்த மழைக்கு ரெண்டா துளுக்கும். பெரிசா இழுத்தீங்கன்னா கல்லு நகந்துரும்." பிறகு ஒரு மெல்லிய உளியை என்னிடம் கொடுத்து, கல் இடுக்கில் உதிர்ந்திருந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கச் சொன்னார். வேர் நூலாகத் தொடங்கி, உள்ளே போகப் போக விரல் பருமனாகி, ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போயிருந்தது. வெயில் முதுகில் ஏறியது. ஒரு வழியாக வேர் முழுதும் கையில் வந்தபோது கீழே மணி அடித்தார்கள். மூன்று மணி நேரம் போயிருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் திங்கட்கிழமையை ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பணி முடிந்ததும் எல்லோருமாக அமர்ந்து ஒரு பதிகம் பாடுவோம். அன்று தற்செயலாக மறுமாற்றத் தாண்டகம் அமைந்தது. தாமார்க்கும் குடியல்லா என்ற அடிக்கு வந்தபோது, சனிக்கிழமை மாலைக் காட்சி ஒன்று நினைவில் எழுந்தது. மேலாளர் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய தொலைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தவர், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினார். அறையில் நானும் அவரும் தவிர வேறு எவரும் இல்லை. எதிர்முனையில் இருப்பவர் பார்க்க முடியாது என்று தெரிந்தும் அவர் எழுந்து நின்றார். பேசி முடிக்கும்வரை அவருடைய இடக்கை மேசைமேல் இருந்த பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவரும் குடிதான். அவர் என் தலையில் இறக்கியது அவர் தலையில் இறங்கியது. அந்த நேரத்தில் அவர்மேல் இருந்த கோபம் கரைந்து, ஒரு பரிவு வந்தது. கூடவே, இந்தச் சங்கிலியில் என் கணுவோடு நிறுத்திவிடலாம் என்ற தெளிவும் வந்தது.

திங்கட்கிழமை நான் கையெழுத்திடவில்லை. குரலை உயர்த்தாமல், என்னால் இயலாது என்று சொன்னேன். விளைவாக அந்த ஆண்டு ஊதிய உயர்வு இல்லை. ஆறு மாதத்தில் தொலைவில் இருந்த கிளைக்கு மாற்றினார்கள். வீட்டில் சிரமப்பட்டோம். இறைவன் கைகொடுத்து எல்லாவற்றையும் சரியாக்கினான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சிரமம் சிரமமாகவே இருந்தது. அச்சம் மட்டும் இல்லை. அந்த இரண்டும் வேறு வேறு என்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

மறுமாற்றத் தாண்டகத்துக்குப் பிறகு நடந்ததாகச் சேக்கிழார் சொல்வது பலருக்குத் தெரிவதில்லை. பணிவோம் அல்லோம் என்று பாடிய நாவுக்கரசர் அங்கேயே நின்றுவிடவில்லை. பாட்டைக் கேட்ட அமைச்சர்கள் அவர் அடியை வணங்கி, எங்களோடு எழுந்தருள வேண்டும் என்று வேண்டியதும், வரும் வினைகளுக்கு "எம்பிரான் உளன்" என்று சொல்லி அவர்களோடு புறப்பட்டுவிடுகிறார். ஆணைக்கு அசையாதவர் வேண்டுகோளுக்கு நடந்தார். அந்த நடைக்குப் பின்னால் வந்தவைதான் நீற்றறையும், நஞ்சு கலந்த சோறும், யானையும், கல்லோடு பிணைத்துக் கடலில் இட்டதும். சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்து வைக்கப்பட்டவர், ஈசன் இணையடி நிழல் மாசில்லாத வீணையையும் மாலை மதியத்தையும் வீசும் தென்றலையும் போன்றது என்று பாடினார் என்பது மரபு. சரணடைந்தவர் வீம்பு பிடித்து நிற்பவர் அல்லர் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வீம்புக்கும் ஓர் எசமானன் உண்டு; அவன் பெயர் நான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரணாகதி என்ற சொல்லை வைத்துக்கொண்டு மனிதர்களை மனிதர்கள் முன்னால் மண்டியிடச் செய்வது நம் நாட்டில் புதிதல்ல. கேள்வி கேட்காதே, கணக்குக் கேட்காதே, குருவிடம் ஒப்படைத்துவிடு என்று சொல்கிறவர்களிடம் நாவுக்கரசரின் ஐந்தாம் அடியை வைத்துப் பார்த்தால் போதும். உங்களிடமிருந்து பணமோ புகழோ கூட்டமோ தேவைப்படுகிற ஒருவர், தாமார்க்கும் குடியல்லாத் தன்மையானவராக இருக்க முடியாது. நாவுக்கரசரின் சரண் அவரை அரசனுக்கு முன்னால் நிமிர்த்தியது. நம்மைக் கூனாக்கும் சரண் எந்தப் பெயரில் வந்தாலும் அது வேறு சரக்கு.

சோம்பலுக்கும் இதே சொல்லைப் போர்வையாக்குகிறவர்கள் உண்டு. எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று காலை நீட்டிக்கொள்கிறவர்களுக்கு நாவுக்கரசர் காட்டிய படம் தோளில் உழவாரம். காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே மேலக்கடம்பூரில், தேர் வடிவில் சக்கரங்களோடு அமைந்த அந்த அழகான கருவறைக்கு முன்னால் நின்று அவருடைய பாட்டைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் தொண்டை கனக்கும். "தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணி செய்து கிடப்பதே." பணிவோம் அல்லோம் என்றவரும் பணி செய்து கிடப்பதே என்றவரும் ஒருவரே. அரசனைப் பணியாதவர் புல்லைச் செதுக்கப் பணிந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கு இந்த அடியில் இருந்த உம்மையின்மேல் தனிப் பிரியம். "அடியேனைத் தாங்குதல்னு சொல்லலைடா, அடியேனையும்னு சொல்றாரு. என்னையும்கூடத் தாங்கறான்னு அர்த்தம். அந்த ஒரு எழுத்துல நாம எல்லாரும் நுழைஞ்சுக்கலாம்" என்பார். தாங்குவது அவன் வேலை என்று பிரித்துக் கொடுத்துவிட்டதால்தான் நம் வேலையை நடுக்கம் இல்லாமல் செய்ய முடிகிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பத்தாம் நூற்பாவும் இறைபணி நிற்க என்றுதான் சொல்கிறது. அப்படி நின்றால் மலமும் மாயையும் வல்வினையும் இல்லை என்கிறது. உட்காரவோ படுக்கவோ அது சொல்லவில்லை.

சரணடைந்தவர் வாய் மூடி இருக்க வேண்டும் என்பதும் நம்மிடையே உலவும் தவறான எண்ணம். நாவுக்கரசரின் முதல் பதிகத்தின் முதல் சொற்களே முறையீடுதான். "கூற்றாயினவாறு விலக்ககிலீர்." எமனைப் போல வந்த இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று கேட்கிறார். அதே பாட்டில் "ஆற்றேன் அடியேன்" என்று வருகிறது. என்னால் தாங்க முடியவில்லை என்ற அந்த ஒரு சொல்லில்தான் சரணாகதி பிறக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வயிற்று வலிக்கு இன்றும் அந்தப் பதிகத்தைப் பாடுகிற வீடுகள் பல உண்டு. எங்கள் வீட்டில் சின்ன வயதில் எனக்கு வயிறு வலித்தால் ஓம நீர் ஒரு கையிலும் இந்தப் பதிகம் வாயிலுமாகத்தான் அம்மா வருவார்.

சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே போனவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் பாட்டனார் கைச்சாத்தோடு ஒத்துப் பார்த்து, இவர் ஆள்தான் என்று தீர்ப்புக் கூறப்பட்டவர். உனக்கு ஆளாக இருந்துவிட்டு இனி இல்லை என்று சொல்லத் தகுமா என்று பாடத் தொடங்கியவர். (சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரும் அதே ஊர்க்காரர் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.) அதே சுந்தரர் கண்ணொளி இழந்து திருவாரூரில் நின்றபோது, மீளா அடிமையாக உமக்கே ஆளாகி வேறு எவரையும் வேண்டாதவர்கள் இப்படி வருந்துகிறார்களே, நீர் "வாழ்ந்து போதீரே" என்று இறைவனையே கடிந்து பாடுகிறார். நீரே நன்றாக வாழ்ந்துபோம் என்று சொல்ல ஓர் அடிமைக்கு எங்கிருந்து உரிமை வந்தது? மீளா அடிமை என்பதிலிருந்துதான் வந்தது. விலக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறவன் அளந்து பேசுவான். விலக்கப்பட முடியாதவன்தான் இப்படிச் சண்டை போட முடியும். தாயிடம் குழந்தைக்கு இருக்கும் சுதந்திரம் அது.

கயிலைக்குப் போன கதையையும் இங்கே நினைக்கிறேன். கால் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் நகர்ந்து போன நாவுக்கரசர், ஆளும் நாயகனின் கயிலை இருக்கையைக் கண்டாலன்றி, மாளும் இந்த உடலோடு மீளேன் என்றார். அங்கேயும் மீளேன் என்ற சொல். அந்தப் பிடிவாதம் தூய்மையானதுதான். ஆயினும் அவர் கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை. ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச் சொன்னது அருள். எழுந்து பார்த்தபோது கண்ணில் பட்டவை பிடியோடு வரும் களிறும், பெடையோடு வரும் சேவலும், குயிலும், அன்னமும். எல்லாவற்றையும் அம்மையும் அப்பனுமாகப் பார்த்து, "கண்டேன் அவர்திருப் பாதம் கண்டறியாதன கண்டேன்" என்று பாடினார். எங்கே எப்படிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கொடுத்துவிட்ட பிறகுதான், காவிரிக்கரையில் எந்நாளும் திரியும் பறவையும் விலங்கும் கயிலையாகத் தெரிந்தன.

வீடு என்ற சொல்லைத் தமிழ் எப்படி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விடு என்ற வினை நீண்டு வீடு ஆயிற்று. விடுவதும் வீடு, விடுதலையும் வீடு, குடியிருக்கும் இல்லமும் வீடு. நம்மாழ்வார் திருவாய்மொழியில் "வீடுமின் முற்றவும் வீடுசெய்து உம்முயிர் வீடுடையானிடை வீடு செய்ம்மினே" என்று அந்த ஒரு சொல்லையே சுழற்றிச் சுழற்றி வைக்கிறார். எல்லாவற்றையும் விடுங்கள், விட்டு, உங்கள் உயிரை வீட்டுக்கு உடையவனிடம் ஒப்படையுங்கள். சைவமும் வைணவமும் சொல்லும் முறையில் வேறுபடலாம். தமிழ் இரண்டுக்கும் ஒரே வாசலைத்தான் வைத்திருக்கிறது. சேக்கிழாரோ அடியார்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் ஓடும் செம்பொன்னும் ஒன்றாகவே நோக்குவார்கள், கூடும் அன்பினில் கும்பிடுவதைத் தவிர வீடும் வேண்டாதவர்கள் என்கிறார். விடுதலையையும் வேண்டாத அளவுக்கு விடுதலை பெற்றவர்கள். திருப்புகலூரில் நாவுக்கரசர் உழவாரம் செய்த இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தபோது, அவற்றைக் கல்லோடு கல்லாக உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்கிறது புராணம். எறிந்தபின் அவர் மறுபடியும் செதுக்கத்தான் உட்கார்ந்திருப்பார்.

அம்மாவின் கடைசி ஆண்டு படுக்கையில் கழிந்தது. அதற்குள் நான் சொந்த ஊருக்கே திரும்பி வந்திருந்தேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கைகள் மட்டும் நன்றாக இருந்தன. தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்து உட்கார்த்திவிட்டால் மாலை கட்டுவார். வாழைநாரை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போட வேண்டும். ஊறாத நார் முடிச்சில் அறுந்துவிடும். காலையில் நான் பறித்து வரும் நந்தியாவட்டையை மடியில் கொட்டினால், இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி என்று காம்புகளை எதிர் எதிராக வைத்து, பார்க்காமலே முடிச்சிடுவார். கொய்ம்மலர்ச் சேவடி என்ற சொல்லை அவர் அப்போது அடிக்கடி சொல்வார். பறித்த ஈரம் காயாத பூவாம். "பறிச்ச பூவுக்கு இனி செடிக்குத் திரும்புற வழி இல்ல. அதுக்குன்னு அது அழுவுதா பாரு" என்று ஒருநாள் ஒரு பூவைத் தூக்கிக் காட்டினார்.

அன்று மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, வெளியே அழைத்து என்னிடம் நாள் கணக்கைச் சொல்லிவிட்டுப் போனார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. "ஒரு பாட்டு சொல்லேன்" என்றார். வாயில் வந்தது அதுதான். கையை உயர்த்தாமல், மெல்லத் தொடங்கினேன். நாமார்க்கும் குடியல்லோம் என்றேன். நமனை அஞ்சோம் என்றபோதே குரல் இடறியது. எப்படியோ இழுத்து, இன்பமே எந்நாளும் துன்பம் இல்லை என்பதுவரை வந்தேன். அதற்கு மேல் தொண்டை அடைத்துக்கொண்டது. அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும் இருந்தது.

மீதி நாலு வரியை அம்மா சொன்னார். அடிக்கு அடி மூச்சு வாங்கிக்கொண்டு, ஓர் எழுத்தும் விடாமல், குறுகினோமே என்று முடித்தார். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்தவர், திறந்து என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு நார் ஊறப் போட்டுட்டியா?"

இல்லை என்றேன். எழுந்து போய் அந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து, நாரை அதில் அமிழ்த்தி வைத்தேன்.